குணபூசணி அக்கா தூங்கவில்லை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் யாழ்ப்பாணத் தமிழர் வீட்டில் யாராவது காலமானால் முதலில் ஐயருக்கு ஆள் போகும். அடுத்து எனக்கு. ஐயர் உடனே வரவேண்டும். நான் ஒரு மாதத்துக்குள் வந்தால் போதும். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து சாப்பிட உட்காருகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பது எங்கள் வழக்கம். முன்பக்கத்தில் காலமானவரின் படம், உள்ளே தேவாரம், நடுவில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு. அந்தக் குறிப்பை எழுதுகிறவன் நான். பெயர் பாலன். கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார்.

இருபது வருடத்தில் நாற்பது பேரையாவது எழுதியிருப்பேன். எல்லா வீட்டிலும் ஒரே பாட்டுத்தான். அன்பானவர், அடக்கமானவர், யார் மனதையும் நோகடிக்காதவர். அந்த நாற்பது பேரில் என் மனதை நோகடித்தவர்கள் மட்டும் ஆறேழு பேர் இருக்கிறார்கள். அவர்களையும் அப்படித்தான் எழுதினேன். செத்தவர் வீட்டில் போய்ச் சண்டை போட முடியுமா?

இந்தக் குறிப்பு அப்படி இல்லை. இதற்கு உரியவர் உயிரோடு இருக்கிறார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுத எழுத வாங்கிப் படித்துச் சிவப்பு மையால் கோடு போடுகிறார். "நான் போன பிறகு நீ என்னத்தையாவது எழுதி வைப்பே. வந்து திருத்த முடியுமா? இப்பவே எழுது" என்பது அவர் உத்தரவு. இதுவரை இரண்டு இடத்தில் கோடு விழுந்திருக்கிறது. ஒன்று, மாநிறம் என்று எழுதியது. இன்னொன்று, கோபக்காரர் என்று எழுதியது. இரண்டும் உண்மை என்பதால் இரண்டையும் இங்கே திரும்பவும் சேர்த்துவிட்டேன்.

அவர் பெயர் குணபூசணி. என் பெரியம்மா மகள். எனக்குக் குணம் அக்கா. 1937இல் கிள்ளானில் பிறந்தவர். இருபத்தொரு வயதில் கிள்ளான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். இப்போது பட்டனைத் தட்டினால் பினாங்கு பேசுகிறது. அந்தக் காலத்தில் பக்கத்து ஊர் ஜெஞ்சாரோமிலிருந்து பினாங்குக்குப் பேச வேண்டுமென்றால் நடுவில் ஒரு பெண் வேண்டும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, பலகையில் இருக்கும் ஓட்டைகளில் சரியான ஓட்டையைப் பார்த்து வயரைச் செருகுகிற பெண். மழை பெய்தால் லைனில் ஒரே இரைச்சல். மற்ற பெண்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்துவார்கள். அக்கா கத்தமாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டு, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒவ்வொரு எண்ணாகப் பொறுக்கி எடுப்பார். பந்திங் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணிகளும் ஜெஞ்சாரோம் சீனத் தவுக்கே முதலாளிகளும் மழை நாளில் லைன் கிடைத்தால், "அந்தத் தமிழ் மிஸ் இருக்காங்களா?" என்று கேட்பார்களாம். இதைச் சொன்னது அக்கா இல்லை. அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறவர் இல்லை. சொன்னது அத்தான்.

அத்தான் பெயர் சண்முகரத்தினம். ரயில்வேயில் சரக்குக் கிளார்க். கிள்ளான் துறைமுகத்தில் வேலை. தினமும் காலையில் கோலாலம்பூர் ஆபீஸுக்கு ஒரு போன் செய்து சரக்கு வாகன் பெட்டிகளின் கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு போன் மூன்று போனாயிற்று, மூன்று ஐந்தாயிற்று. கோலாலம்பூரில் இருந்த பெரிய கிளார்க், "ஏன்யா, ஒரே வாகனை எத்தனை தடவை எண்ணுறே?" என்று கேட்டாராம். அத்தானுக்கு வாகனும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. நடுவில் வருகிற அந்தக் குரல்தான் காதில் நின்றது. நல்லவேளையாக இரண்டு பேருமே யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஜாதகமும் ஒத்துவந்தது. தாங்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்று இரண்டு வீட்டாரும் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1964இல் கல்யாணம் நடந்தது. பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் யாரிடமும் பேசியதில்லை, நானும் எழுதப்போவதில்லை.

கல்யாண ஆல்பத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது. தாலி கட்டும் படத்தில் அக்கா கண்ணை மூடியிருக்கிறார். பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்த படத்திலும் மூடியிருக்கிறார். வெட்கம் என்றார்கள். வரவேற்பில் கேக் வெட்டுகிற படத்திலும் மூடியிருந்தபோது யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு முப்பது வருடப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். 1971, போர்ட் டிக்சன் கடற்கரை: கண் மூடியிருக்கிறது. 1974, ஸ்காட் ரோட் கந்தசாமி கோயில் தேர்: மூடியிருக்கிறது. 1979, என் சொந்தக் கல்யாணம்: நானும் என் மனைவியும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, எங்கள் பின்னால் அக்கா நின்றபடியே தூங்குகிறார். படம் எடுக்கிறவன் ஒன், டூ, த்ரீ என்பான். முப்பத்தாறு படமும் முடிந்த பிறகு சுருளைக் கடையில் கழுவக் கொடுப்பான். ஒரு வாரம் கழித்து உறையைத் திறந்தால்தான் தெரியும். அதற்குள் தேர் நிலைக்குப் போயிருக்கும், மாப்பிள்ளை பெண் ஹனிமூன் போயிருப்பார்கள். திரும்ப எடுப்பது எப்படி?

வீட்டு ஆல்பத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. 1976இல் அக்கா கோலாலம்பூருக்கு மாற்றலாகி வந்திருந்தார். அவர் சேர்ந்திருந்த ஒரு மகளிர் சங்கம் ஆண்டு மலர் போட்டது. அதில், புதிய பலகைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் பெண்களின் படம். பதினோரு பேர் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்க்கிறார்கள். பன்னிரண்டாவது அக்கா. யாரோ அந்தப் படத்தை வெட்டி எக்ஸ்சேஞ்ச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டி, அடியில் 'தூங்குமூஞ்சி குணம்' என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1992இல் ஓய்வு பெற்ற அன்று, பிரிவுபசாரத்தில் பேசிய ஒருவர் அதையே சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். அக்காவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. முப்பத்துநான்கு வருடம் ஒரு ராத்திரி வேலையில்கூடக் கண்ணயராத மனுஷி. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

1998இல் அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இதயத்துக்குப் போகும் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றார். ஒரு திங்கட்கிழமை நாள் குறித்தார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏதோ தேவாரம் படிக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"பாலன், புத்தகத்துக்கு எந்தப் படத்தைப் போடுவே?" என்றார்.

"எந்தப் புத்தகத்துக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதே. நாப்பது பேருக்கு எழுதினவன்தானே நீ."

அத்தான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அங்கே இருந்த ஒரே ஒரு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். அந்தப் பத்து நாளில் இந்தப் பேச்சு எப்போது வந்தாலும் அத்தான் போய் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். கடைசியில் அந்தச் செடி வேர் அழுகிச் செத்துப்போனது.

அக்கா எல்லா ஆல்பத்தையும் மேஜைமேல் எடுத்துவைத்திருந்தார். தேடிப் பார்த்ததில் கண் திறந்த படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அடையாள அட்டைப் படம். மூன்று தடவை திருப்பியனுப்பி, நாலாவது தடவை ஸ்டுடியோக்காரர் அதட்டி எடுத்தது. மூடக் கூடாது, மூடக் கூடாது என்று பிடித்துவைத்ததில் இரண்டு கண்ணும் வெளியே வந்து விழுகிற மாதிரி இருந்தது.

"இதைப் போட்டா, வீட்டுக்குள்ள திருடனைப் பாத்துச் செத்துப்போனேன்னு நினைப்பாங்க" என்றார் அக்கா.

"மத்தது எல்லாம் நல்லாத்தானே இருக்கு, அக்கா."

"மத்தது எல்லாத்துலயும் தூங்குறேன்." ஆல்பத்தை மூடிவைத்தார். "ஒரு நாள்கூட நான் தூங்கல பாலன். கடைசியா நாலு பேர் கையில போற படத்துலயாவது முழிச்சிருக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பயம் அங்கேதான் இருந்தது, படத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது என்று எனக்குப் புரிந்தது. எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஃபிலிம் வாங்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே காதர் என்று எனக்குத் தெரிந்த ஒருவர் கடிகாரம், ரேடியோ, கேமரா எல்லாம் விற்கிறார். ஊர் ராமநாதபுரம் பக்கம், கடலோரம். வாங்க வருகிறவன் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவார்.

"ஃபிலிம் எதுக்கு பாஸ்? இதைப் பாருங்க" என்று சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை மேஜைமேல் வைத்தார். "டிஜிட்டல். உள்ள ஃபிலிமே கிடையாது."

"ஃபிலிம் இல்லாம படம் எங்க விழும்?"

"உள்ள ஒரு சில்லு இருக்கு லா, அதுல. தொண்ணூறு படம் நிக்கும். கடையில குடுத்துக் கழுவ வேணாம், ஒரு வாரம் காத்திருக்க வேணாம். பாருங்க." என் முகத்துக்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அமுக்கினார். பின்பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடித் திரை. அதில் என் முகம் தெரிந்தது, வாயைப் பிளந்துகொண்டு.

"அலாமாக்" என்று மலாயில் கத்திவிட்டேன்.

"பிடிக்கலையா? இந்தப் பட்டன். அழிஞ்சு போச்சு. இன்னொண்ணு எடுக்கலாம். நூறு தடவை எடுத்தாலும் ஒரு சல்லி செலவில்ல. யாராச்சும் கண்ணை மூடிட்டாங்கன்னு வைங்க, அங்கேயே தெரிஞ்சிடும், அங்கேயே திரும்ப எடுத்துடலாம்."

காதர் அதற்குப் பிறகும் நிறையச் சொன்னார். படம் பிடிக்கிற கண்ணைத் திருப்பிவிட்டால் நம்மையே திரையில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்ததில் ஒன்பது படத்தை ஒரே திரையில் போட்டுப் பார்க்கலாம் என்றார். வயரைச் செருகிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பலாம், அங்கிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்றார். கண்ணை மூடினால் தெரிந்துவிடும் என்ற இடத்திலேயே நான் வாங்க முடிவுசெய்துவிட்டேன். விலையை இங்கே எழுதப்போவதில்லை. என் மனைவி இதைப் படிப்பாள்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, காலை பத்து மணிக்குக் கேமராவோடு போனேன். அக்கா தயாராக உட்கார்ந்திருந்தார். நீலப் பட்டு, இரட்டை வடச் சங்கிலி, நெற்றியில் திருநீறு. வெளியே புது ரயில் நிலையத்துக்குத் தூண் அடிக்கிற சத்தம் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தான் பால்கனிக் கதவருகே நின்றார்.

"ரெடியா அக்கா?" என்று கேட்டு எடுத்தேன். மூடியிருந்தது. அழித்தேன். சிரிக்கச் சொல்லி எடுத்தேன். மூடியிருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து எடுத்தேன். இந்தக் கேமராவில் மின்னலடிக்கிற விளக்கும் இல்லை, கூசியது என்று சொல்வதற்கு. ஒன்றும் சொல்லாமல் திடீரென்று எடுத்துப் பார்த்தேன். நான் திடீரென்று எடுக்கப்போகிறேன் என்பதைக் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டே இருந்து, அப்போதும் மூடினார். நாலு பேட்டரியும் தீர்ந்துபோயின. இந்தக் கேமரா பேட்டரியைத் தின்கிற தீனியைப் பற்றிக் காதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழே கடைக்கு ஓடிப்போய் எட்டு வாங்கிவந்தேன்.

இருபதாவது படத்தில் அக்காவின் முகம் வாடிவிட்டது.

"விடு பாலன். என் முகராசி அவ்வளவுதான். திருடன் படத்தையே போடு."

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், காதர் சொன்ன அந்த ஒன்பது படம் ஞாபகம் வந்து, கடைசியாக எடுத்ததையெல்லாம் ஒரே திரையில் போட்டேன். ஒன்பது குட்டி அக்கா. ஒன்பதிலும் கண் மூடியிருக்கிறது. ஆனால் இன்னொன்றும் இருந்தது. ஒன்பதிலும் தலை இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஒரே அளவுக்கு. ஆல்பங்களில் பழைய படங்களெல்லாம் வருடக்கணக்கில் தள்ளித் தள்ளி இருந்ததால் யார் கண்ணிலும் அது பட்டதில்லை.

"இது என்ன, எல்லாத்துலயும் தலை சாஞ்சிருக்கு?" என்றேன்.

அத்தான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? காதுல வாங்குறா" என்றார். "எக்ஸ்சேஞ்சுல அப்படித்தான் உக்காந்திருப்பா. யாராச்சும் ஏதாச்சும் சொல்லப்போறாங்கன்னா கண்ணை மூடிடுவா. அவ எப்ப தூங்கினா? கேட்டுக்கிட்டுதான் இருக்கா."

"இதை ஏன் முப்பது வருஷமா சொல்லல?"

"யாரும் என்னைக் கேக்கலையே."

அக்கா என் கையிலிருந்து கேமராவை வாங்கி அந்த ஒன்பது முகத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். தூங்குகிறவளின் முகமா, கேட்கிறவளின் முகமா என்று தானே கண்டுபிடிக்கப் பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. யாராவது எடுத்தால்தானே காது கொடுக்க வேண்டும். உள்ளே மிச்சம் இருந்ததையெல்லாம் அவர் எதிரிலேயே அழித்தேன். கேமராவின் கண்ணைத் திருப்பி, திரையை அவர் பக்கமே வைத்து, அவர் கையில் கொடுத்தேன்.

"இதுல உங்க முகம் தெரியுதா? நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம். உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப அமுக்குங்க."

திரையில் தன்னைப் பார்த்ததும் முதலில் தலைமுடியைச் சரிசெய்தார். சங்கிலியை நேராக இழுத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். பிறகு அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தார். சத்தமே இல்லாமல் பட்டனை அமுக்கினார்.

கண் திறந்திருந்தது. முழித்துக்கொண்டு நிற்கிற கண் இல்லை. சாதாரணமான, கொஞ்சம் குறும்பான, எனக்குத் தெரிந்த குணம் அக்காவின் கண்கள். அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக ஒரு படத்தில் அவர் யாரையோ பார்த்தார்.

"இது நான்தான்" என்றார் அக்கா. "இதைப் போடு." என் தலையில் கையை வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு சமைக்க ஆரம்பித்துவிட்டார்.

அத்தான் என்னைப் பால்கனிக்கு அழைத்தார். "இதுக்கு நெகட்டிவ் எங்க இருக்கு?"

நான் காதரைப் போலவே ஆகிவிட்டேன். "நெகட்டிவ்னு ஒண்ணே கிடையாது அத்தான். அதுதான் இதுல வசதி. எல்லாம் உள்ளயே இருக்கு. வேண்டாம்னா இந்தப் பட்டன், அப்புறம் இந்தப் பட்டன். சுத்தமாப் போயிடும், தேடினாலும் கிடைக்காது." திங்கட்கிழமைக்குப் பிறகு என் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரமாக வைக்கிறேன் என்றும் சொன்னேன்.

"அதுவரைக்கும் என்கிட்ட இருக்கட்டுமா? ஆஸ்பத்திரியில பாத்துக்கிட்டிருப்பேன்."

அதைக் கேட்டு என் மனம் இளகிவிட்டது. பேட்டரி நாலு மிச்சம் இருந்தது, அதையும் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அத்தானும் வெளியே நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அத்தான் சட்டைப் பையில் கேமரா இருந்தது. அவ்வப்போது எடுப்பார், பார்ப்பார், வைப்பார். ஒன்பது மணிக்கு எடுத்தவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் அசைவது தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பார்க்கத் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். மயக்கம் தெளிய வேண்டும் என்றார். மறுநாள் காலையில்தான் எங்களை உள்ளே விட்டார்கள். உடம்பெல்லாம் குழாய். கண் மூடியிருந்தது. அத்தான் படுக்கையருகில் போய், "குணம்" என்றார். பதில் இல்லை. "குணம், குணம்" என்று குரலை உயர்த்தினார். அவர் குரல் நடுங்கியதை அன்றைக்குத்தான் கேட்டேன். அக்காவின் தலை தலையணையில் இடது பக்கம் மெல்லச் சாய்ந்தது.

"கேக்குது" என்றார், கண்ணைத் திறக்காமல். "சத்தம் போடாதீங்க."

அத்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து எழுப்ப வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, வீட்டுக்கு வந்திருந்த அக்காவைப் பார்க்கப் போனேன். இளைத்திருந்தார். அதிகாரம் மட்டும் இளைக்கவில்லை. தலையணை சரியில்லை, கஞ்சி சரியில்லை, அந்தச் செடியை யார் கொன்றது என்று ஒரு பாட்டம் முடித்துவிட்டு, "சரி, என் படத்தைக் காட்டு. புத்தகத்துக்கு இப்ப வேணாம். பாத்துக்கிறேன்" என்றார்.

அத்தான் கேமராவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் பால்கனிப் பக்கம் திரும்பினார். அங்கே இப்போது வெறும் தொட்டிதான். நான் கேமராவைத் திறந்தேன். படம் எதுவும் இல்லை என்றது திரை. முன்னால் தள்ளினேன், பின்னால் தள்ளினேன். ஒன்றுமில்லை.

"என்ன?" என்றார் அக்கா.

"படத்தைக் காணோம், அக்கா."

அறுபத்தொரு வருடத்தில் கிடைத்த ஒரே நல்ல படம். அத்தான் பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.

"நான்தான் அழிச்சேன்" என்றார்.

வெளியே தூண் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன்?" என்றார் அக்கா. "விசரா உங்களுக்கு?" விசர் என்றால் பைத்தியம்; கோபம் வந்தால்தான் அவருக்கு யாழ்ப்பாணத்துச் சொல் வரும்.

"படம் இருந்தாத்தானே புத்தகம் போடுவாங்க" என்றார் அத்தான். "நீ உள்ள இருந்தே. எல்லாம் தயாரா இருந்துச்சு. எழுதுறவன் பக்கத்துல உக்காந்திருக்கான், படம் பையில இருக்கு, நீ பாத்து நீயே சரின்னு சொன்ன படம். இனி நீ போறது ஒண்ணுதான் பாக்கின்னு தோணிடுச்சு. அதான் அழிச்சேன். அந்தப் படம் இல்லாம நீ போகமாட்டே. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும்."

முப்பத்துநான்கு வருடக் கல்யாணத்தில் அத்தான் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கோபத்தில் வெடிக்கப்போகிறார் என்று அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது.

"திரும்பச் சொல்லுங்க" என்றார்.

அத்தான் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "நீ போகமாட்டேன்னு சொன்னேன்" என்றார்.

கேமரா என் கையில்தான் இருந்தது. எதற்கு அமுக்கினேன் என்று எனக்குத் தெரியாது. சத்தமில்லாத கேமரா என்பதால் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. திரையில் பார்த்தேன். அத்தான் அக்காவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். யாருக்கும் சொல்லாமல் அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். அதற்குள் அக்கா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டார்.

"எடுத்தியா? கொண்டா."

கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "திரும்பவும் மூடிட்டேன்" என்றார். அத்தான் எட்டிப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்த அதே பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனார், குற்றம் செய்தவர் பரிகாரம் செய்கிற அவசரத்தில்.

அக்கா அவர் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"இதை அழிக்காதீங்க" என்றார். "இதுல நான் தூங்கல. பாக்கிறவங்களுக்குத் தெரியும்."